முழக்கத்தின் உறை

ஒலிப்பதிவுக் கூடங்களில் நள்ளிரவுக்குப் பின்னர் நடைபெறும் வேலைகளுள் ஒன்று, வெளியார் பார்வைக்கு வேலையாகவே தோன்றாது. ஒலிக்கலவை செய்பவர் ஒருவர் கணினித் திரையின் முன் அமர்ந்திருக்கிறார். திரையிலே இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தேய்ந்து செல்லும் அலைவடிவம் ஒன்று; அதன்மேல் ஒரு கோடு; கோட்டிலே நாலைந்து புள்ளிகள். அவர் புள்ளியொன்றைச் சுட்டியாற் சற்றுக் கீழே இழுக்கிறார். பாடலின் அடியொன்றை மீண்டும் ஒலிக்க விடுகிறார். திருப்தியின்றிப் புள்ளியை முன்னைய இடத்துக்கே கொண்டு செல்கிறார். ஒரு மணி நேரம் இவ்வாறே கழிகிறது. இந்த ஒரு மணி நேரத்தில் மாறியது யாதெனில், பாடியவர் நின்று பாடிய கட்டடமே மாறியிருக்கிறது.

அந்தக் கோட்டை ஒலித்துறையினர் என்வலப் என்பர். தமிழில் உறை எனலாம். ஒலியலையின் எண்ணிறந்த நுண் ஏற்ற இறக்கங்களை விடுத்து, அதன் வீச்சம் காலப்போக்கில் எவ்வாறு எழுந்து எவ்வாறு தேய்கின்றது என்பதை மட்டும் காட்டும் வெளிக்கோடு அது. வாளின் உறை வாளின் வடிவத்தை மட்டும் காட்டுவது போன்றது. தமிழிலே உறைதல் என்பதற்குத் தங்குதல் என்ற பொருளும் உண்டு. ஒலி ஒரு மண்டபத்தில் எவ்வளவு நேரம் உறைகின்றது என்பதையே அந்தக் கோடு சொல்வதனால், இச்சொல் ஆங்கிலச் சொல்லினும் பொருத்தமாக அமைந்துவிடுகிறது.

வெறுமையான மண்டபமொன்றில் ஒருவர் கைதட்டினால், தட்டிய ஒலி முதலில் நேராகக் காதை அடைகின்றது. பின்னர் சுவரிலும் கூரையிலும் தெறித்த ஒலிகள் தனித்தனியே வந்து சேர்கின்றன. அவை மீண்டும் மீண்டும் தெறித்து, ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய இயலாதவாறு செறிந்து, ஒரே முழக்கமாகி மெல்ல மறைகின்றன. தனியாகத் திரும்பிக் கேட்கும் எதிரொலி வேறு. செறிந்து நீளும் இந்த எதிர்முழக்கம் வேறு. கைதட்டல் போன்ற மிகக் குறுகிய ஒலிக்கு, அதாவது பௌதிகவியலார் கணத்தாக்கு என்று கூறுவதற்கு, ஒரு மண்டபம் அளிக்கும் விடை முழுவதையும் பதிவு செய்துகொண்டால், அம்மண்டபத்தின் கணத்தாக்குத் துலங்கல் கைக்கு வந்துவிடும். பின்னர் எந்த ஒலியையும் அம்மண்டபத்தினுள் கணிதத்தால் ஒலிக்கச் செய்யலாம். பாடலைக் கணங்களின் நிரையாகக் கொண்டு, ஒவ்வொரு கணமும் தன் வீச்சத்துக்கேற்ற அளவில் அந்தத் துலங்கலின் பிரதியொன்றை எழுப்புவதாகக் கருதி, எல்லாப் பிரதிகளையும் கூட்டினாற் போதும். கொன்வலூஷன் எனப்படுவது இதுவே.

கோட்பாடு எளிது; கணக்கு எளிதன்று. செக்கனுக்கு 44,100 மாதிரிகளாகப் பதிவான பாடலொன்றை 11 செக்கன் நீளமுள்ள துலங்கலுடன் நேரடியாக இவ்வாறு பெருக்கிக் கூட்டுவதற்கு, ஒவ்வொரு செக்கனுக்கும் ஏறத்தாழ 2,140 கோடி பெருக்கல்கள் வேண்டும். கூலியும் ரூக்கியும் 1965இல் வெளியிட்ட விரைவு ஃபூரியர் உருமாற்ற முறை இச்சுமையைப் பெரிதும் குறைத்தது. கேட்கும்போதே தாமதமின்றிக் கணிக்கும் வழியை வில்லியம் காட்னர் 1995இல் காட்டினார். 1999இல் சோனி நிறுவனம் இதற்கெனத் தனிக் கருவியொன்றை விற்பனைக்கு விட்டது. இன்று மாணவனொருவனின் மடிக்கணினியே இதனைச் செய்துவிடுகிறது. எனவே, செய்ய இயலுமா என்ற வினா தீர்ந்துவிட்டது. இழுத்த புள்ளி நியாயமானதா என்ற வினாவே எஞ்சி நிற்கிறது.

அவ்வினாவை இஸ்தான்புல் நகரின் ஹாகியா சோபியாவை வைத்து நோக்குவது பொருத்தமானது. ஜஸ்ரீனியன் பேரரசனின் ஆணைப்படி 532இல் தொடங்கி 537இல் நிறைவெய்திய அந்தத் தேவாலயம் 1453இன் பின் பள்ளிவாசலாயிற்று. 1935இல் அரும்பொருட்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அதன் உட்கனவளவு ஏறத்தாழ இரண்டரை இலட்சம் கன மீற்றர். குவிமாடத்தின் உச்சி தரையிலிருந்து 55 மீற்றருக்கு மேல். சுவரும் தரையும் பளிங்கு. ஒலியின் ஆற்றல் பத்து இலட்சத்தில் ஒரு பங்காக, அதாவது 60 டெசிபெல் அளவு, குறைவதற்கு அங்கு 11 செக்கன் அளவில் ஆகும் என அளக்கப்பட்டது. நல்ல இசையரங்குகளிலே இது இரண்டு செக்கன் அளவினதே.

அரும்பொருட்காட்சியகமாக இருந்த காலத்திலே பாடகர் குழுவொன்று அங்கு சென்று பழைய பைசாந்தியத் திருப்பாடல்களைப் பாடுவதற்கு இடமிருக்கவில்லை. ஆயினும் பலூனொன்றை வெடிக்கச் செய்வதற்கு இடம் கிடைத்தது. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தின் கலை வரலாற்றாசிரியரான பிசேரா பென்சேவா, 2010இல் மண்டபம் அமைதியாயிருந்த வேளையில் சில பலூன்களை வெடிக்கச்செய்து பதிவு செய்தார். அதே பல்கலைக்கழகத்தின் ஜொனதன் ஏபலும் அவர் தோழரும் அப்பதிவுகளிலிருந்து கட்டடத்தின் துலங்கலைப் பெற்றனர். அத்துலங்கலினுள் பாடிய கப்பெல்லா றொமானா குழுவினர் 2013இல் ஸ்ரான்போர்டின் இசையரங்கில் நிகழ்ச்சி நடத்தினர். 2019இல் இசைத்தட்டொன்றையும் வெளியிட்டனர்.

பாடிய பின்னர் முழக்கத்தைப் பூசுதல் அங்கு நிகழவில்லை என்பது மனங்கொள்ளற்பாலது. பாடும்போதே அந்த முழக்கத்தைக் கேட்டுப் பாடினர். கேட்டதும் அவர்களது பாட்டு மாறியது. வேகம் குறைந்தது. முன் சுரம் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும்போது பின் சுரம் பிறப்பதால், சுருதி கூட்டுவதிலும் மிகுந்த கவனம் வேண்டியதாயிற்று. அடியிலே நீண்டு நிற்கும் ஒற்றைச் சுருதியைக் கட்டடமே தாங்கிப் பிடித்தது. உறையின் ஒரு புள்ளியை இழுத்தால் முழக்கம் மட்டும் மாறுவதன்று. பாடகரின் மூச்சும் மாறும்.

இனி, ஒலிக்கலவை செய்பவர் ஒருவருக்கு 11 செக்கன் மிகையாகத் தோன்றுகிறது. சொற்கள் கேட்கவில்லை என்கிறார். உறையைத் தாழ்த்தி அதனை 5 செக்கனாக்குகிறார். அவர் செய்தது யாது? பொய்யா? இதற்கு விடை காண 1895ஆம் ஆண்டின் ஹாவாட் பல்கலைக்கழகத்துக்குச் செல்லவேண்டும்.

அங்கு ஃபொக் கலைக்காட்சியகத்தின் விரிவுரை மண்டபத்தில் எவரது பேச்சும் விளங்கவில்லை. சொல்லொன்று மறையுமுன் அடுத்த பல சொற்கள் அதன்மேல் விழுந்தன. மண்டபத்தைத் திருத்தும் பணி வொலஸ் கிளமென்ற் சபைன் என்னும் இளம் பௌதிகவியல் ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவரிடமிருந்த கருவிகள் ஓர் ஓகன் குழல், நேரம் அளக்கும் பொறி, இவற்றோடு தம் இரு செவிகள். அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் ஆசன மெத்தைகளை இரவிலே சுமந்துவந்து, கதிரைகளின் மேல் ஒவ்வொரு வரிசையாக இட்டு, குழலை ஊதி நிறுத்தி, ஒலி மறையும் வரை காத்திருந்து நேரத்தைக் குறித்தார். விடியுமுன் மெத்தைகளைத் திருப்பி வைக்கவேண்டும். அரங்கு பகலில் வேண்டியிருந்தது. வெறுமையான மண்டபத்தில் ஐந்தரைச் செக்கனாக இருந்த முழக்கம், மெத்தைகள் கூடக்கூடக் குறைந்துகொண்டு வந்தது. அவர் கண்ட விதி, எதிர்முழக்க நேரம் மண்டபத்தின் கனவளவுக்கு நேர்விகிதமாகவும், அதனுள் ஒலியை உறிஞ்சும் பரப்புக்கு நேர்மாறாகவும் அமையும் என்பது. 1900இல் திறக்கப்பட்ட பொஸ்ரன் சிம்பனி மண்டபம் அவ்விதியின் துணையோடு அமைந்தது.

சபைன் செய்ததும் உறையைத் திருத்தும் வேலையே. மெத்தைகள் அவரது புள்ளிகள். இது வெறும் உவமையன்று. கணிதமும் அவ்வாறே அமைகின்றது. மெத்தை சேர்க்கும்போது, ஒலி தேயும் வீதத்துடன் இன்னொரு வீதம் கூட்டப்படுகிறது. திரையிலே தேய்கோடொன்றைத் துலங்கலின் மேல் இட்டுப் பெருக்கும்போதும் தேய்வு வீதங்கள் கூட்டப்படுகின்றன. ஆகவே 11 செக்கனை 5 செக்கனாக்கும் கோட்டை மெத்தைக் கணக்காகவும் மாற்றலாம். ஹாகியா சோபியாவின் கனவளவை வைத்துச் சபைனின் விதிப்படி பார்த்தால், விழுந்த ஒலி முழுவதையும் விழுங்கும் திறந்த யன்னல்கள் ஏறத்தாழ 4,400 சதுர மீற்றர் அளவுக்குப் புதிதாக வேண்டும். நின்றிருக்கும் மனிதர் ஒருவர் அரைச் சதுர மீற்றர் யன்னலுக்கு ஒப்பாவார் எனக் கொண்டால், ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேர். ஒலிக்கலவை செய்பவர் நள்ளிரவிலே, தம்மை அறியாமலே, ஒன்பதாயிரம் பேரைத் தேவாலயத்தினுள் அழைத்துவிட்டார்.

இக்கணக்கு வேடிக்கையானதாயினும், அதனுள் ஓர் உண்மை உண்டு. 11 செக்கன் என்பது எந்தக் கட்டடத்தின் அளவு? கம்பளம் அகற்றப்பட்டு, பளிங்குத் தரை வெறுமையாகி, கூட்டமற்ற நேரத்தில் அமைதியாய் நின்ற அரும்பொருட்காட்சியகத்தின் அளவு அது. ஆறாம் நூற்றாண்டின் தேவாலயம் திருவிழா நாட்களில் வெறுமையாயிருக்கவில்லை. 535ஆம் ஆண்டு ஜஸ்ரீனியன் பிறப்பித்த சட்டமொன்று, பேராலயத்தின் பணியாளர் தொகை மிகுந்துவிட்டதெனக் கண்டு அதற்கு எல்லை வகுத்தது. அவ்வெல்லைக்குள் 60 குருமார், 100 தியாக்கோன்மார், 40 பெண் தியாக்கோன்மார், 90 துணைத் தியாக்கோன்மார், 110 வாசகர், 25 பாடகர் என 425 பேர். இவர்களோடு வாயில் காப்போர் 100 பேர். குறைக்கப்பட்ட பின்னரான தொகையே இது. பேராலயத்தோடு இணைந்த ஆலயங்களுக்கும் சேர்த்தே இத்தொகை என்றாலும், அவர்களுக்குப் பின்னே நின்ற மக்களையும், உடைகளையும் திரைகளையும் எண்ணினால், அந்நாளைய வழிபாட்டிலே முழு 11 செக்கனையும் எவரேனும் கேட்டிருப்பர் என்று கொள்வதற்கில்லை. இன்று நிற்கும் குவிமாடமும் முதலாவது அன்று. 558இல் முதலாவது வீழ்ந்தபின், அதனினும் உயரமாகக் கட்டி 562இல் நிறைவேற்றியது.

எனவே தொடாத உறை உண்மையானது, தொட்ட உறை பொய்யானது என்ற எளிய தீர்ப்பு நிலைக்காது. பளிங்கின் தூய முழக்கத்தைத் தொடாது காப்பவர், பழமையைக் காப்பதாக எண்ணிக்கொண்டு வெறுமையைக் காப்பவராகவும் கூடும்.

ஆயினும் புள்ளியை இழுத்தவர் உடனே வென்றுவிட்டார் என்றும் இல்லை. மனிதர் எல்லா ஒலிகளையும் ஒரே அளவில் உறிஞ்சுவதில்லை. உடையும் உடலும் உயர் மீடிறன்களை மிகுதியாகவும் தாழ் மீடிறன்களைக் குறைவாகவும் உறிஞ்சும். திரையின் ஒற்றைக் கோடோ அனைத்தையும் ஒரே வீதத்திற் குறைக்கும். எடுத்துக்காட்டாக, ஒரு மண்டபத்தில் தாழ்ந்த ஒலிகள் 12 செக்கனிலும் உயர்ந்தவை 4 செக்கனிலும் மறைகின்றன என்று கொள்வோர், அவற்றின் தேய்வை முறையே செக்கனுக்கு 5 டெசிபெல், 15 டெசிபெல் எனக் காண்பர். கோட்டினால் இரண்டுக்கும் 5 டெசிபெல் கூட்டினால் அவை 10, 20 ஆகும். நேரங்கள் 6 செக்கனும் 3 செக்கனும் ஆகும். தாழ்ந்த ஒலி தன் ஆயுளிற் பாதியை இழந்தது. உயர்ந்த ஒலி காற்பங்கையே இழந்தது. மண்டபத்தின் கனத்த குரல் மெலிந்துவிட்டது. அதே மண்டபத்துக்கு உண்மையான கூட்டமொன்று வந்து, தாழ்ந்த ஒலிக்கு 2 டெசிபெலும் உயர்ந்ததற்கு 6 டெசிபெலும் கூட்டியிருந்தால், நேரங்கள் எட்டரைச் செக்கனும் மூன்று செக்கனுக்குச் சற்றுக் குறைவுமாக அமைந்து, பழைய விகிதம் அப்படியே இருந்திருக்கும். முழக்கம் சிறுத்தும் இருண்ட கனம் குன்றியிராது. இதனாலேயே நல்ல மென்பொருள்கள் மீடிறன் பட்டைகளுக்குத் தனித்தனி உறைகளைத் தருகின்றன. அவற்றைத் திறந்து பார்க்கப் பொறுமையற்றவர்கள் ஒற்றைக் கோட்டோடு நின்றுவிடுகின்றனர். கேட்பவருக்குக் காரணம் புலப்படாது. ஆனால் எங்கோ ஏதோ கழன்றிருப்பதாகத் தோன்றும்.

உறையின் தொடக்கப் பகுதி இன்னும் நுண்ணியது. துலங்கலின் முதல் எண்பது மில்லிசெக்கன் அளவிலே வரும் தெறிப்புகளே, பாடுபவர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பதைக் காதுக்குச் சொல்கின்றன. கோட்டின் தொடக்கத்தைப் பூச்சியத்திலிருந்து மெல்ல ஏறவிட்டால் அத்தெறிப்புகள் அடங்கிவிடும். அருகே தெறிக்கச் சுவர் இல்லாத குரலாகிவிடும். வாலைக் குறுக்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. ஹாகியா சோபியாவின் உச்சிக்குச் சென்று திரும்பும் ஒலி 110 மீற்றர் பயணஞ்செய்ய ஏறத்தாழ மூன்றிலொரு செக்கன் எடுக்கும். உறையைக் குறுக்கிக் குறுக்கி முழக்கத்தை ஒரு செக்கனுக்குக் கொண்டுவந்தாலும், அந்தத் தாமதமான வரவு இருந்த இடத்திலேயே இருக்கும். குவிமாடம் உண்டு என்று ஒரு சாட்சி கூற, சிறிய அறைதான் என்று இன்னொரு சாட்சி கூறும். சிறிய அறை வேண்டுபவர் சிறிய அறையொன்றின் துலங்கலைத் தேடுவதே நேர்மையான வழி. 1980களின் பாடல்களிலே, முழக்கத்தைப் பெரிதாக எழுப்பிச் சடுதியாக வெட்டிவிடும் முரசொலி பெருவழக்காயிருந்தது. ஆனால் அது எக்கட்டடமாகவும் நடிக்கவில்லை. ஆகவே அங்கு பொய்யும் இல்லை.

குறுக்குதலை விட நீட்டுதல் இடர்மிக்கது. பலூன் வெடிப்பு சூழலின் இரைச்சலுக்கு மேல் 45 டெசிபெல் எழுந்தது என்றால், 11 செக்கன் மண்டபத்திலே எட்டுச் செக்கனுக்குப் பின் முழக்கம் இரைச்சலினுள் அமிழ்ந்துவிடும். அதற்கு அப்பால் திரையிலே தெரிவது கட்டடமன்று. உறையை மேல் நோக்கி வளைத்தால், அந்த இரைச்சலும் முழக்கமாக வேடமிட்டு எழும். பாடல் முடிந்த பின்னர் பின்னணியிலே பொங்கும் ஒருவகைச் சீறலை இத்தகைய பதிவுகளிற் கேட்கலாம்.

ஏபலும் தோழரும் இதனையே எதிர்கொண்டனர். பலூன் தூய கணத்தாக்கும் அன்று. அதன் வெடிப்புக்குத் தனக்கென்று ஒரு குரல் உண்டு. அவர்கள் கையாண்ட வழி விந்தையானது. பதிவான ஒலியை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், ஒவ்வொரு மீடிறன் பட்டையிலும் ஆற்றல் கணத்துக்குக் கணம் எவ்வாறு எழுந்து தேய்கின்றது, தெறிப்புகள் எவ்வாறு செறிகின்றன என்பவற்றை அளந்து, அவ்வளவுகளுக்கு இயைந்த துலங்கலைப் புதிதாக ஆக்கினர். அதாவது, கட்டடத்தின் ஒலியைக் காட்டிலும் அந்த ஒலியின் உறைகளே இஸ்தான்புல்லிலிருந்து ஸ்ரான்போர்ட் வரை பயணஞ்செய்தன. கேட்டோர் பளிங்கின் குரலைக் கேட்டதாகவே உணர்ந்தனர். உறையைக் கட்டடத்தின் மேலே போர்த்திய துணியாக எண்ணிப் புள்ளியை விருப்பம்போல் இழுப்பவர், இச்செய்தியைச் சற்று நின்று எண்ணவேண்டும். போர்வை என்று அவர் கருதியதே உடல்.

வெனிஸ் நகரின் லா பெனிச்சே அரங்கு 1996 சனவரி 29ஆம் நாள் இரவு எரிந்தது. அதற்குச் சில வாரங்களின் முன்னரே இத்தாலிய ஆய்வாளர் அதன் ஒலியியலை அளந்து பதிவு செய்திருந்தனர். 2003 திசெம்பரில் அரங்கு மீண்டும் திறக்கப்பட்டது. ஆனால் எரிந்த மரத்தின் முழக்கம் அந்தப் பதிவுகளில் மட்டுமே உள்ளது. அத்தகைய பதிவொன்றைத் திறந்து, உறையைத் திருத்தி, திருத்தியதையே அதே பெயரில் சேமித்துவைப்பவர் செய்வது ஏட்டுச் சுவடியின் மேல் எழுதுவதற்கு ஒப்பாகும். பிரதியிலே எவ்வளவும் திருத்தலாம். சொற்கள் விளங்கவேண்டுமென்ற நோக்கத்தோடு திருத்தவேண்டியும் இருக்கலாம். எந்தக் கோட்டை, எந்தப் பட்டையில், எவ்வளவு இழுத்தார் என்று ஒரு வரி எழுதிவைக்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைப் பெரும்பாலானோர் செலவிடுவதில்லை.

ஹாகியா சோபியா 2020 யூலையில் மீண்டும் பள்ளிவாசலாயிற்று. தொழுகைக்காகப் பளிங்குத் தரையின் மேல் பசுநீலக் கம்பளம் விரிக்கப்பட்டது. கம்பளம் உயர் மீடிறன்களை உறிஞ்சும். நிரையாக நிற்கும் மனிதரும் உறிஞ்சுவர். குர்ஆன் ஓதுபவரின் குரல் இப்போது அங்கு எழுந்து தேயும் கோடு, 2010இன் பலூன் வரைந்த கோடு அன்று. வெறும் பளிங்கின் 11 செக்கன்கள் ஸ்ரான்போர்டின் கணினிகளில் இருக்கின்றன.